இடது கையால் பரிமாறிய பெரியசாமி அண்ணன்

செவ்வாய்க்கிழமை காலை, வேலை செய்யும் பள்ளி உணவகத்தில் மீ சியாம் என்ற புளிச் சேமியாவுக்கு அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. மீனா.

"ஆண்ட்டி, அப்பா போயிட்டாங்க."

பெரியசாமி அண்ணன் நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் படுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மகள் மீனாதான் கூடவே இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன். சரின்னு ஒரு வார்த்தை, வெச்சுட்டாங்க. அப்புறம் அடிச்சா எடுக்க மாட்றாங்க. வீட்ல தனியா இருக்காங்க ஆண்ட்டி. கொஞ்சம் போய்ப் பாருங்களேன்."

முட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பேருந்தில் ஏறிய பிறகுதான் ஏப்ரனைக் கழற்றவில்லை என்று தெரிந்தது. போக வேண்டியது இரண்டே நிறுத்தம். அந்த இரண்டு நிறுத்தத்துக்குள் மீனாவின் அம்மா கமலம் அக்காவைக் குளியலறையில் விழுந்தவராக, கட்டிலுக்கடியில் கிடப்பவராக, என்னென்னவோ கோலத்தில் பார்த்துவிட்டேன்.

நம் சனிக்கிழமைத் தையல் கூட்டத்தில் இருப்பவர்களுக்கு என் பயம் புரியும். அண்ணனைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து கமலம் அக்காவுக்கு வலது கை விழுந்துவிட்டது. வலது காலும் கொஞ்சம் இழுக்கும், கைத்தடி பிடித்து நடப்பார். அன்றிலிருந்து பெரியசாமி அண்ணனுக்கு ஒரே கவலை. "நான் முந்திட்டா இவ என்ன பண்ணுவா?" மீனாவிடம் பதில் இருந்தது: செங்காங் வட்டாரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவாள். அக்காவிடமும் பதில் இருந்தது: "என் வீட்டுல என் அடுப்புல இருக்கற வரைக்கும்தான் நான் ஆளு. அங்க போனா நான் ஒரு மூட்டை." அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் நிற்க, நடுவில் அண்ணன் ஊசியும் நூலுமாக நின்றார்.

சிங்கப்பூரில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள அறைக்கு அவர் முதன்முதலில் வந்த சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? பத்துப் பெண்களும் தையலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தோம். முறுக்கு மீசை, கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் மனைவியின் ரவிக்கைகள் ஏழு. வழி தெரியாமல் வந்துவிட்டார் என்று நினைத்து, "அண்ணே, கோப்பிக்கடை அந்தப் பக்கம்லா" என்று கையைக் காட்டினேன்.

"தெரியும்மா. கோப்பி குடிச்சிட்டுதான் வரேன். கொக்கிய எடுத்துட்டு வேற எதாச்சும் வைக்கணும். யாரு சொல்லித் தருவீங்க?"

யாரும் சொல்லித் தர வேண்டிய அளவுக்கு அது பெரிய வித்தை இல்லை. பிள்ளைகளின் பள்ளிக் காலணியில் 'சர்ர்' என்று பிரியுமே, அந்த ஒட்டுப்பட்டையைத் தேக்கா சந்தையில் போய் வாங்கி வந்தார். இரண்டே சனிக்கிழமையில் ஏழு ரவிக்கையையும் முடித்தார். தையல் நேராக இருந்தது. வண்டி ஓட்டியவர் அல்லவா, கோட்டை விட்டு விலகவில்லை. எல்லோரும் கைதட்டினோம். நான் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். முன்பு கொக்கி இருந்த முதுகுப் பக்கத்திலேயே திறப்பு இருந்தது. ஏழிலும் அப்படியே.

"என்னண்ணே, அக்காவுக்கு முதுகுல ஒரு கை முளைச்சிருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. தினமும் காலையில் அக்காவுக்குப் பின்னால் நின்றுதான் அவர் உடை மாட்டிவிடுவார். அந்த இடத்திலிருந்து பார்த்தே தைத்திருக்கிறார். அவர் இருந்தால்தான் அந்த ரவிக்கையைப் போட முடியும். அவர் இல்லாத நாளுக்காகத்தான் தைக்க வந்ததே.

ஏழையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. என் வாயை நானே திட்டிக்கொண்டேன். அது எனக்கு எப்போதாவது வருகிற புத்தி.

மூன்றாவது சனிக்கிழமை வந்தார். பஸ் ஓட்டிய காலத்து நீல டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, "லெட்சு, என் வலது கைய இடுப்போட சேர்த்துக் கட்டு" என்றார். கட்டினேன். பனியன் மேலேயே அக்காவின் ரவிக்கையை இடது கையால் போட ஆரம்பித்தார். ஏழையும் பிரித்து முன்பக்கத் திறப்பாக மாற்றியிருந்தார். மீசைக்காரர் ஒருவர் ரோஜா நிற ரவிக்கைக்குள் ஒரு கையோடு போராடுவதைப் பார்த்து நாங்கள் அழுகிற அளவுக்குச் சிரித்தோம். ஜன்னல் பக்கம் போன சீனப் பாட்டியும் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

"சிரிங்க சிரிங்க. வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி டயரைத் தட்டிப் பார்க்கணும். தட்டாம எடுத்தவன் நடுரோட்டுல நிப்பான்" என்றார், ஒரு கை ரவிக்கைக்குள் மாட்டியிருக்க.

அதன்பின் அதுவே அவர் முறை. எது செய்தாலும் டையைக் கட்டிக்கொண்டு மூன்று தடவை தானே செய்து பார்ப்பார். அப்புறம்தான் அக்காவிடம் போகும். புடவைக்கு மடிப்பை நிரந்தரமாகத் தைத்து இடுப்பில் ஒட்டுப்பட்டை வைத்தார். பலகையில் இரண்டு ஆணியைத் தலைகீழாக அடித்து, வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்தி ஒரே கையால் நறுக்கினார். பாத்திரம் சுற்றாமல் இருக்க அடியில் ஈரத்துணி. மசாலா டப்பாக்களின் மூடிக்கெல்லாம் துணியில் காது. எல்லாம் ஒருநாள் வேலைதான், நம்மில் யாரும் செய்யக்கூடியது. கட்டிப் பார்க்கிற பொறுமைதான் யாருக்கும் இல்லை.

இதையெல்லாம் அவர் செய்து கொடுத்தும் அக்கா அடுப்புப் பக்கம் போகவில்லை. ஏன் என்று நான் ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"இடது கையால ஆக்கி யாருக்குடி போடறது? அந்தக் கையால எடுத்துக் கொடுத்தா நாய்கூட முகத்தைத் திருப்பிக்கும்" என்றார் அக்கா. சாப்பிடுவதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதானாம். சாமி விளக்கை ஏற்றி மாதக்கணக்காகிவிட்டது. வெங்காயம் நறுக்கப் பலகை செய்துவிடலாம். இதற்கு எந்த ஒட்டுப்பட்டையை ஒட்டுவது?

அண்ணனிடம் சொன்னேன்.

அந்த வருடம் தீபாவளி முடிந்து நம் கூட்டத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிட்டோமே, அன்று நடந்ததை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அக்காவை வற்புறுத்தி அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். வாழை இலை போட்டாயிற்று. அண்ணன் பெரிய சட்டி நிறைய உப்புமாவோடு வந்து நின்றார். வலது கை நீல டையில் கட்டியிருந்தது.

"நானே ஆக்கினது. முழுக்க இந்தக் கையால" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார். அதே கையால் கரண்டியைப் பிடித்து முதல் இலைக்குக் குனிந்தார். அது எங்கள் கூட்டத்து ராஜம்மாவின் இலை. ராஜம்மாவின் கை தானாக இலையை மூடப் போனதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். அக்காவும் பார்த்தார்.

அண்ணன் கரண்டியை எடுக்கவில்லை, போடவும் இல்லை. இலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பழகாத கை. உப்புமா கொஞ்சம் சிந்தியது.

ராஜம்மா நல்லவள். மூடப்போன கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "போடுங்கண்ணே. நிறைய போடுங்க" என்றாள்.

எங்கள் பத்து இலைக்கும் அக்காவின் இலைக்கும் இடது கையால் போட்டார். எனக்குப் போடும்போது நான் ஒரு வாய் எடுத்து வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உருக்கம் இல்லை, உப்பு. இடது கை அள்ளுவது பெரிய அள்ளு என்று அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே, கடல் தண்ணியையே கொட்டிட்டீங்களா?" என்றேன்.

அக்கா ஒரு வாய் இடது கையால் எடுத்தார். எங்கள் எல்லோர் முன்னாலும். மென்றார். முகம் கோணியது. "முப்பது வருஷம் பஸ் ஓட்டுன மனுஷன். உப்பு போடும்போது மட்டும் பிரேக் பிடிக்கத் தெரியல" என்றார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. "நாளைக்கு நானே ஆக்கறேன். இதைத் தின்னு செத்துப் போகக் கூடாது யாரும்."

மறுநாளிலிருந்து அக்கா சமைத்தார். அளவுக்குப் பால்மாவு டப்பாவில் வரும் சின்னக் கரண்டியை உப்பு ஜாடியில் நூலால் கட்டிக் கொடுத்தார் அண்ணன். விளக்கும் ஏறியது. தீக்குச்சி உரசுவதற்கு ஒரு மரக்கட்டையில் பெட்டியை ஒட்டி வைத்தார். அதையும் மூன்று தடவை.

ஆனாலும் புடவை மட்டும் அக்காவுக்குக் கடைசிவரை சண்டைதான். வீட்டில் நைட்டியே போதும் என்பார். அண்ணன் விடமாட்டார். "என்னை அனுப்பி வைக்கற அன்னிக்கு நைட்டியோட நிக்கக் கூடாது. நாலு பேர் முன்னாடி என் பொண்டாட்டி புடவையிலதான் நிக்கணும்." பஸ் ஓட்டிய காலத்துக் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நேரம் பார்ப்பார். முதலில் அரை மணி நேரம் ஆனது. கடைசியாக என்னிடம் பெருமையாகச் சொன்ன கணக்கு பதினோரு நிமிடம். "பத்துக்குள்ள வந்துட்டா நான் நிம்மதியா கண்ண மூடுவேன், லெட்சு."

"அப்ப அக்காகிட்ட மெதுவா கட்டச் சொல்றேண்ணே" என்றேன். சிரித்தார். "ஒரு கையைக் கட்டறதுக்கு டை இருக்கு. உன் வாயக் கட்டத்தான் துணி பத்தல" என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மின்தூக்கியில் ஏறி, அவர்கள் மாடியில் இறங்கி, ஏப்ரனோடு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். "அக்கா! அக்கா!" உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம்.

"வரேன்டி, வரேன். ஒரு கைதானே இருக்கு!"

கதவு திறந்தது. கமலம் அக்கா கைத்தடியோடு நின்றார். தலை வாரி, நெற்றியில் திருநீறு. அண்ணன் மடிப்புத் தைத்த வெளிர்நீலப் புடவை. முன்பக்கத் திறப்பு ரவிக்கை. மடிப்பு கொஞ்சம்கூடக் கோணவில்லை. முகம் முழுக்க அழுது வீங்கியிருந்தது, அது வேறு.

"போன் அடிச்சுக்கிட்டே இருந்திச்சு. இருக்கறது ஒரு கை. போன எடுக்கறதா, புடவையக் கட்டறதா?" என்றார். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசைமேல் அண்ணனின் கைக்கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒம்பது நிமிஷம், லெட்சு. ஒம்பதே நிமிஷம். யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அழுகையோடு அழுகையாக என் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு வெளியே வந்ததை மறைக்கமாட்டேன். அண்ணன் போய்விட்டார். அவர் பயந்தது நடக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மீனா பெரிய பையோடு வந்தாள், அம்மாவின் துணிகளை எடுத்துப் போக. நானும் அங்கே இருந்தேன். அக்கா அவளோடு வாதாடவில்லை. "உக்காரு, சாப்பிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு ஆணிப் பலகையை எடுத்தார். வெங்காயத்தைக் குத்தினார், நறுக்கினார், தாளித்தார். மீனா சமையலறை வாசலில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நின்றபடியே இருந்தாள். சாம்பாரை இடது கையால் ஊற்றினார். மீனா சாப்பிட்டாள். மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன். தினமும் காலையிலயும் ராத்திரியும் போன் எடுக்கணும்" என்றாள் கடைசியில்.

"புடவை கட்டாத நேரமாப் பார்த்து அடி" என்றார் அக்கா.

துணி எடுக்க வந்த பையில் செங்காங்குக்குச் சாம்பார் டப்பா போனது.

அன்று நான் கிளம்பும்போது, "அண்ணன் ஞாபகமா ஒண்ணு எடுத்துக்கடி" என்றார் அக்கா. நான் நீல டையைக் கேட்டேன்.

"எதுக்கு, வாயக் கட்டிக்கவா?"

அதற்கில்லை. என் மாமியாருக்கு முழங்கால் மடங்காது. அவருக்குக் கட்டில் பக்கத்தில் தொங்குகிற மாதிரி ஒரு பை தைக்கலாம் என்று இருக்கிறேன். என் காலை அந்த டையால் கட்டிக்கொண்டு கட்டிலில் படுத்து, பை எந்த உயரத்தில் இருந்தால் கை எட்டும் என்று போன வாரம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் மகளைக் கூப்பிட்டார். நான் நினைத்த இடத்தில் பை எட்டவே இல்லை. ஒரு சாண் கீழே இறக்கியிருக்கிறேன். இன்னும் இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

அண்ணனைப் பற்றி இதை எழுதும்படி நம் கூட்டத்தில் சொன்னபோதும் டையை எடுத்து வலது கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நான்காம் வகுப்போடு நின்ற எனக்கு வலது கையாலேயே எழுத்து கோழி கிளறியது மாதிரி வரும். முதல் இரண்டு வரிக்கு மேல் முடியவில்லை, அவிழ்த்துவிட்டேன். அந்த இரண்டு வரியை மட்டும் என் மகளால் படிக்க முடியாமல் நான் வாயால் சொல்லி எழுத வைத்தேன். மற்றபடி தாளை அப்படியே கொண்டுவருகிறேன், சனிக்கிழமை பாருங்கள். கமலம் அக்காவும் வருகிறார். உப்புமா அவர் கொண்டுவருகிறாராம்.