மதினி கேட்ட பரிசோதனை

1. ஏழாம் மாதத்தில், என் அண்ணன் மனைவியின் ஆண் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.
2. மதினியிடம் அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று வீட்டில் முடிவானது.
3. சில மாதம் கழித்து நான் பேசிவிட்டேன்.

அப்போது கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். பிரவுசிங் சென்டரில் படித்த ஒரு கட்டுரை மனதை விட்டுப் போகவே இல்லை. மதினி சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மதினி, வயித்துல இருக்கும்போதே பிள்ளையோட செல்லு கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துருமாம். பிள்ளை போன பிறகும் பல வருசம் அங்கனயே இருக்குமாம்."

சுளகு நின்றது. அழவைத்துவிட்டோமோ என்று பயந்தேன்.

"உங்க அண்ணன் புள்ளைல்லா! அவுகள மாதிரியே வந்த இடத்துலயே ஒட்டிக்கிட்டானாக்கும்," என்று சிரித்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். உடனே கையை நீட்டினாள்.

"ஏட்டி, ரத்தம் எடு. இருக்கானான்னு பாத்துச் சொல்லு."

ஆமாம் என்று பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"எங்க லேபுல அதப் பாக்க முடியாது மதினி. எல்லா அம்மாவுக்கும் இருக்கும்னும் சொல்ல முடியாது."

"எனக்கு இல்லன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அது போதும்ட்டி."

ஆறுதல் என்றால் எதையாவது உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது மதினிக்கு ஒரு மகள் இருக்கிறாள். அந்தப் பரிசோதனை எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை. மதினி மறுபடி கேட்கவும் இல்லை.