குளிசையும் படமும்

அந்தப் போதகரின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

சண்டையால் உருத்திரபுரத்து வயலையும் வீட்டையும் விட்டுவிட்டுப் புதுக்குடியிருப்பில் கொட்டில் போட்டு இருந்தோம். தங்கச்சிக்கு மலேரியா. உடம்பு நெருப்பாகக் கொதித்தது, பிறகு பல் கிடுகிடுக்க நடுங்கியது. அம்மா ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்து குளிசை வாங்கிவந்திருந்தா.

ரியூசன் வகுப்பில் கணக்குப் படிப்பித்த மாமா, அம்மாவின் தம்பி, வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு மாறியவர். அம்மா அவரோடு எல்லாம் கதைப்பா, அதை மட்டும் கதைக்கமாட்டா. அன்று மாமா, பிள்ளைக்காக ஜெபிக்கட்டும் என்று தங்கள் சபைப் போதகரைக் கூட்டிவந்தார். அம்மா மறுக்கவில்லை. அந்த நிலையில் யார் வந்து கும்பிட்டாலும் சரி என்றிருந்தா.

போதகர் ஜெபித்து முடித்தார். பிறகு கொட்டிலின் தட்டிச் சுவரில் தொங்கிய முருகன் படத்தைப் பார்த்தார்.

"உங்கட பாவத்துக்குத்தான் பிள்ளை கிடந்து துடிக்குது. படத்தையும் எறியுங்கோ, குளிசையையும் எறியுங்கோ. விசுவாசியுங்கோ."

அம்மா நடுங்கிப்போனா. குளிசை சுற்றிய கடதாசிச் சரையை எறியக் கையில் எடுத்தேவிட்டா. படிப்பறிந்த என் அம்மா! எனக்கு அழுகை முட்டியது.

மாமா சரையைப் பறித்தார்.

"போதகர், போன மாதம் உங்களுக்கும் மலேரியா வந்தது. உங்கட வீட்டில என்ன படம் தொங்கினது?"

"அது ஆண்டவர் தந்த சோதனை."

"உங்களுக்கு வந்தால் சோதனை, இந்தப் பிள்ளைக்கு வந்தால் தண்டனையோ? நீங்களும் குளிசை போட்டுத்தானே எழும்பினனீங்கள்?"

"விசுவாசத்தில கேள்வி கேக்கக்கூடாது, தம்பி."

"ஏன் கேக்கக்கூடாது? பிறவிக் குருடனைக் காட்டி, இவன் இப்பிடிப் பிறந்தது ஆற்ர பாவம் எண்டு சீஷர்மார் கேட்டவை. இவனும் பாவம் செய்யேல்லை, தாய்தேப்பனும் செய்யேல்லை எண்டு இயேசு சொன்னவர். அதைப் படிச்சுத்தான் நான் வேதத்துக்கு வந்தனான். அவர் சொல்லாததை அவற்ர பேரில சொல்லாதேங்கோ!"

போதகர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாமா தானே குளிசையைக் கரைத்துத் தங்கச்சிக்குப் பருக்கினார்.

தங்கச்சி எழும்பிவிட்டாள். ஆனால் அதன்பிறகு சபையில் மாமாவைப் பாட்டுப் படிக்கவோ வேதம் வாசிக்கவோ விடவில்லை. அவரோ ஞாயிறு தவறாமல் போய்க் கடைசிப் பாயில் குந்தியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மாமா இன்னும் அங்க போறீங்கள்?"

"எனக்கு அவரோடதான் கோவம், பிள்ளை. ஆண்டவரோட இல்லை."

இதைக் கேட்டுக்கொண்டே அரிசி களைந்த அம்மா, கையை உதறிவிட்டு நிமிர்ந்தா.

"தம்பி, அண்டைக்குச் சொன்ன அந்தக் குருடன்ர கதை... பிறகு அவனுக்கு என்ன நடந்தது?"

இத்தனை வருடத்தில் அம்மா வேதத்தைப் பற்றிக் கதை எடுத்தது அதுதான் முதல் தடவை. மாமாவின் கண் ஏன் கலங்கியது என்று எனக்கு விளங்கவில்லை. போதகரைத் துரத்திய பிறகும் அம்மாவுக்கு அவர்களுடைய கதை எதற்கு என்று கோபித்துக்கொண்டு நான் வெளியே போய்விட்டேன்.