மங்கலத்துக்கு ஆகாத மங்கல்

“பெரியகடை. மழைக்கு முன். ஐப்பசி 1972.” ஒரு படத்தின் முதுகில், பென்சிலால், என் நண்பரின் கையெழுத்து. படத்தின் முதுகை ஊரே வாசிக்க நேர்ந்த கதையையும் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

நண்பர் காங்கேசன்துறையில் கிளாக்கர். ஞாயிறுகளில் சைக்கிளில் யாழ்ப்பாணப் பட்டினம் போய், பெரியகடைத் தெருவில் இருந்து படம் கீறுவார். பலகையில் எண்ணெய் வர்ணத்தால் அவர் முழுமையாக முடித்த ஒரே படம் அது: சாம்பல் நிற மாடிக் கடைகள், அடைத்த கதவுகள், ஈயம்போல வானம். ஆளில்லை. பார்த்தால் மூக்கில் மழை மணக்கும். சண்டிலிப்பாயில் எங்கள் வாசிகசாலையின் புதுக் கட்டடத்துக்கு அதைக் கொடுத்தார். கீறியபடியே அது அங்கே தொங்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

வாசிகசாலைத் தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். பென்சனோடு ரசனையும் சேர்ந்து வந்துவிட்டதாக நம்பியவர்.

“தம்பி, உது மங்கல் படம். மங்கல காரியத்துக்கு ஆகாது.”

“மழை வரப்போகுது ஐயா. வானம் மங்காமல் என்ன செய்யும்?”

“அப்ப மழை விட்டாப்பிறகு கீறியிருக்கலாமே?”

செயற்குழுவில் இருந்த பட்டதாரி குறுக்கிட்டார். “உந்தச் சாம்பல் எங்கடை இனத்தின்ரை கண்ணீர்!”

“கண்ணீரில்லை அண்ணை, மழை,” என்றார் நண்பர்.

ஒருவருக்கு அமங்கலம் தெரிந்தது. மற்றவருக்கு மேடைப் பேச்சு தெரிந்தது. படம் எவருக்கும் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் நண்பரும் நானும் போய்ப் பார்த்தோம். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவரைப் பிடித்து, வானத்துக்கு நீலமும் ஜன்னல்களுக்குக் குங்குமச் சிவப்பும் பூசியிருந்தார்கள். கீழே பொன் எழுத்தில் எழுதிய தலைப்பை மட்டும் மாற்றவில்லை: மழைக்கு முன்.

“மழையை அழிச்சுப்போட்டு மழைக்கு முன்னாம்,” என்றார் நண்பர். படத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார்.

“குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ? இப்பதானே வடிவாய்க் கிடக்கு!” என்றார் தலைவர்.

மறுநாள் காலை படம் சுவரைப் பார்த்துத் தொங்கியது. வெறும் பலகை, அதில் அந்தப் பென்சில் வரி. பிரதம விருந்தினர் படியேறிவிட்டார், மாற்ற நேரமில்லை. பட்டதாரி சளைக்கவில்லை. பலகையைக் காட்டி “வெறுமையின் குறியீடு” என்று முழங்கினார். தலைவரே முதலில் கைதட்டினார். படத்தைவிட அந்தப் பலகை மங்கல்தான். ஆனால் அமங்கலம் என்று சொல்ல அன்று ஒருவருக்கும் நாவெழவில்லை.

“நீரோ திருப்பினது?” என்று நண்பரின் காதுக்குள் கேட்டேன்.

“நானில்லை. ஆனால் திருப்பினவனுக்குப் படம் விளங்கியிருக்கு.”

திருப்பியவர் யார் என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.