பொதுமன்னிப்பில் வெளியே வந்தவன்

என்னை மறியலில் போட்ட ஒருவருக்காக ஆண்டுக்கு ஒருமுறை மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்துகிறவன் நான். சோவியத் உடைந்தபோது பிறந்த நாடுகளில் ஒன்றின் தலைவர் அவர். மன்னாரிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் எங்களை அந்த நாட்டில் பனிக்குள் இறக்கிவிட்டு மாயமானான். விசா இல்லாத குற்றத்துக்கு எட்டு மாதம் சிறைக்குள் இருந்தேன். சுதந்திர தினம் வந்தால் ஒரு பட்டியலில் கையெழுத்து வைத்துக் கொஞ்சப் பேரை விடுதலை செய்வது அந்தத் தலைவரின் வழக்கம். அந்த வருடப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. பிழையாகத்தான் எழுதியிருந்தார்கள். நான் திருத்தப் போகவில்லை.

"பிடிச்சு அடைச்சதும் அந்தாள்தானே? அதுக்கொரு மெழுகுதிரியோ?" என்று மனைவி ஒவ்வொரு வருடமும் கேட்பாள்.

"விட்டதும் அந்தாள்தானப்பா" என்பேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்க்கப்பட்டவன் நான். அந்தச் சிறைச் சூப்பில் உப்பே இருந்ததில்லை என்பது வேறு கதை.

அண்மையில் அந்தத் தலைவர் பதவியை விட்டு இறங்கினார். மறுநாள் காலை, நான் பிறகு வந்து குடியேறிய செவன் ஹில்ஸ் புறநகரில் வேலை செய்யும் பெயின்ற் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ஒரு தேன் கேக் இருந்தது. கொண்டுவந்தவர் ஏழு வருடமாக என்னோடு பொதி கட்டும் பெண்மணி, அறுபதை நெருங்குகிறவர். அவர் அந்த நாட்டுக்காரர் என்பது எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தவன் என்பது அவருக்குத் தெரியாது. மறியல் கதையை வேலைத்தலத்தில் யாராவது சொல்வார்களா?

தொலைக்காட்சியில் ஒருவர் அந்தத் தலைவரின் சாதனைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வீதிகள், விமான நிலையம், அமைதி.

"வீதி போட்டார், பொய் சொல்லக் கூடாது" என்று கேக்கை வெட்டியபடி அந்தப் பெண்மணி சொன்னார். எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை இங்கிலீஷில்தான். "அந்த வீதியால்தான் என் கணவரைக் கொண்டுபோனார்கள். பத்திரிகையில் எழுதிய குற்றம். நாலு வருடம் இருந்து உள்ளேயே செத்துப்போனார். சுதந்திர தினம் வந்தால் பட்டியலைத் தேடிப் படிப்பேன். கள்ளன்களின் பெயரெல்லாம் இருக்கும்."

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்தப் பட்டியலில் நான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன். எந்தச் சிறை, எந்த வருடம் என்பதையும் சொன்னேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். என் நன்றியை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவரோ கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். அவருடைய கணவரும் அந்த வருடம் அதே சிறையில்தான் இருந்தாராம்.

"ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பெண்கள் மதிலுக்கு வெளியே நின்று கத்துவோம். அவரவர் ஆளின் பெயர், வீட்டுச் சங்கதி எல்லாம். ஜன்னல்களுக்குத் தகரம் அடித்திருந்தது. உள்ளே ஒன்றும் கேட்காது, வீட்டுக்குப் போங்கள் என்று காவல்காரன் சொல்வான். நாலு வருடம் கத்தினேன். உள்ளே கேட்டதா?"

அந்தக் குரல்களை எனக்குத் தெரியும். பாஷை விளங்காததால் அவர்கள் மீன் விற்கும் பெண்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் அப்படிக் கூவுகிறவர்கள் அவர்கள்தானே. இந்தப் பனிக்குள் ஏது மீன் என்றுகூட யோசித்திருக்கிறேன். ஆனாலும் ஞாயிறு எப்போது வரும் என்று காத்திருப்பேன். கிழமை முழுவதிலும் காதில் விழும் பெண் குரல் அது மட்டும்தான். அதைக் கேட்டால் அழுகையும் வரும், பசியும் வரும், இன்னும் ஒரு கிழமை இருந்து பார்க்கலாம் என்றும் தோன்றும். நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் மதிலுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். இத்தனை காலம் அது தெரியாமல் இருந்துவிட்டேன்.

தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். குரல் வந்ததும் சீட்டு விளையாடுகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள், இருமுகிறவன் வாயைப் பொத்திக்கொள்வான், தகரத்தில் காதை வைக்க ஆட்கள் முண்டியடிப்பார்கள் என்றேன்.

"தெளிவாகக் கேட்டதா?"

"ஓம். ஒவ்வொரு சொல்லும்."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்படியென்றால் மகள் நடக்கத் தொடங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும்" என்றார்.