உலைக்களத்துக்குள் நான் போன பகல்

என் வீட்டுக்காரர் தொகுஜி வாள் அடிக்கிறவர். ஊர் ஒசாஃபுனே. அவர் கைவேலையைப் பற்றிப் பெரிய மனிதர்கள் பெரிதாகப் பேசுவார்கள். வீட்டில் மனிதர் எப்படி என்பதை என்னைத்தான் கேட்க வேண்டும். சோறு ஆறிப்போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கத்தியில் விரிசல் விழுந்தால் சம்மட்டியால் இரண்டாக உடைத்துப் போட்ட பிறகுதான் சாப்பிடவே வருவார். விரிசல் பொடிசுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று வாங்க வந்தவர் ஒருவர் கெஞ்சினார். "எனக்குத் தெரியுமே" என்று சொல்லி அவர் கண்ணெதிரிலேயே உடைத்தார். குறை இல்லாத கத்தியில் மட்டும்தான் தன் பேரை வெட்டுவார். அப்படி ஒரு வீம்பு.

அதையெல்லாம் நான் உலைக்களத்துக்கு வெளியே நின்று காதால் கேட்டதோடு சரி. உள்ளே போகக்கூடாது. உலைக்களத்துத் தெய்வம் ஒரு பெண். இன்னொரு பெண் வாசலை மிதித்தால் அவளுக்கு ஆகாது. பொறாமை பிடித்தவள் என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன். வாய்விட்டுச் சொல்லப் பயம்.

எங்கள் மகள் மிஹோவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. ஆனால் மாதம் நிறையுமுன்பே வலி கண்டு, ஒகயாமா ஆஸ்பத்திரியில் அசையாமல் படுக்க வைத்திருந்தார்கள். பிறக்கிற பிள்ளைக்குக் காவலாக ஒரு சின்னக் கத்தியை அடித்து வைப்பது எங்கள் வழக்கம். ஊரில் யார் யார் பிள்ளைக்கோ அடித்துக் கொடுத்த மனிதர், சொந்த மகள் விஷயத்தில் மட்டும் முதல் இரண்டு தடவையும் "பிறக்கட்டும், பாத்துக்கலாம்" என்று இருந்துவிட்டார். இந்தத் தடவை பிள்ளைக்கு முன்னால் கத்தி வந்தே தீர வேண்டும் என்று பைத்தியமாக நின்றார். எனக்கும் அதே பைத்தியம்தான்.

அடித்த கத்தியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கும்போதுதான் எல்லாம் தெரியும். இரும்பின் நிறத்தை வைத்தே சூட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக உலைக்களத்தை இருட்டாக்கிக்கொள்வார். சூடு ஒரு நூல் கூடினாலும் தண்ணீருக்குள்ளேயே விரிசல் விழும். வெளியே இருக்கும் என் காதுக்கு "டிங்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும்.

முதல் கத்தி வெடித்தது. அடுத்ததும் வெடித்தது.

"கரி ஈரமா இருக்கு" என்றார்.

"ஓகோ. போன வாரம் பாத்திரம் கழுவின தண்ணிய மிசோ சூப்புன்னு நெனச்சுக் குடிக்கப் போனீங்களே, அதுவும் கரியாலதானா? கண்ணுல புரை விழுந்திருக்கு. ஒத்துக்கிட்டா தலையில இருக்கிற கிரீடம் கழண்டுடுமா?"

அவர் கடைசியாக இருந்த நல்ல எஃகையும் எடுத்து அடித்து, மேலே களிமண் பூசிக் காயவைத்தார்.

அது காய்ந்த அன்று காலையில் மருமகன் கெய்தா ஃபோன் செய்தான். இனிமேல் தாங்காது, இன்றைக்கே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கப் போகிறார்களாம். இவர் உடனே உலைக்களத்துக்குப் போய், பட்டப்பகலில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டினார். நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

"நுயி, உள்ள வா."

"என்ன பேசுறீங்க? பொண்ணு அங்க மேஜை மேல கிடக்கா. இன்னிக்குப் போய் அந்தத் தெய்வத்தச் சீண்டச் சொல்றீங்களா?"

"எனக்குத் தெரியல, நுயி. எல்லாம் ஒரே சாம்பலாத் தெரியுது."

சொல்லிவிட்டு அழுதார். அவருடைய அப்பா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை. செருப்பை விட்டேன். "அடிக்கிறதுன்னா என்னை அடி தாயே, அவள விட்டுடு" என்று முனகிக்கொண்டே வாசலைத் தாண்டினேன்.

கத்தியை நெருப்புக்குள் விட்டுத் துருத்தியை இழுத்தார்.

"என்ன நிறம்?"

"எனக்கென்ன தெரியும்? இதுக்கு முன்னாடி நான் பாத்திருக்கேனா?"

"சமையக்கட்டுல பாத்திருக்கில்ல, அதைச் சொல்லு."

"சிவப்புப் பயறு."

"இப்போ?"

"உப்புல ஊறின ப்ளம்."

"இப்போ?"

"ஆரஞ்சு நிறத்துல, நம்ம கொல்லைக் காக்கிப்பழம்."

"எது? நாம பறிக்கிற பதமா, காக்கா கொத்துற பதமா?"

"பறிக்கிறது... இருங்க. இப்போ கொத்துறது. நுனி மட்டும் இன்னும் மஞ்சளா முந்துது."

கத்தியைப் பின்னுக்கு இழுத்து நுனியை அடக்கினார். "இப்போ?"

"முழுக்க ஒரே பழம்."

தொட்டிக்குள் தோய்த்தார். தண்ணீர் சீறி அடங்கியது. இருட்டில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் இல்லை. அப்பாடா என்று நான் அவர் தோளைத் தொட்ட நேரம்.

டிங்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீ சொன்னது சரியாத்தான் இருந்துச்சு" என்றார். எனக்கு அது காதில் ஏறவே இல்லை. நான் உள்ளே வந்ததற்குத்தான் தெய்வம் பதில் சொல்லிவிட்டது, இனி மிஹோ, அதற்கப்புறம் பிள்ளை என்றே நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து வீட்டுக்குள் ஃபோன் அடித்தது.

"போய் எடு" என்றார்.

"மாட்டேன். நான் எடுக்க மாட்டேன்."

அவர் சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே ஓடினேன்.

கெய்தா அழுதான். பாதி புரியவில்லை. பெண் குழந்தை. வெளியே எடுத்ததும் மூச்சு நின்றுபோனதாம். டாக்டர்கள் கைவிடப் போகிற நேரத்தில் தானாக மூச்சை இழுத்ததாம். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். நாளைக்கு எப்படியோ, யாராலும் சொல்ல முடியாது. மிஹோ பிழைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து அப்படியே சொன்னேன். அவர் கத்தியைப் பட்டறைக் கல்மேல் வைத்துச் சம்மட்டியை எடுத்திருந்தார்.

"எப்ப மூச்சு நின்னுச்சாம்?"

"அரை மணி முன்னாடியாம். இது வெடிச்ச நேரந்தான்."

விரிசலை நகத்தால் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்தபடி நின்றார். கட்டியிருக்கும் காவல் தாயத்து தானாக உடைந்தால், நமக்கு வர இருந்ததை அது வாங்கிக்கொண்டது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் இவர்.

சம்மட்டியைக் கீழே வைத்தார். "உளியை எடு, நுயி" என்றார். "என் கையப் பிடிச்சுக்கோ. இதுல என் பேர வெட்டணும்."