மைத்துனன் ஓடிய காலைகள்

லிஃப்ட் பழுது பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கம்பிவடத்தில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் போதும், லிஃப்டை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிடுவார். பத்தாவது மாடிக்காரர்கள் கெஞ்சினாலும் அசைய மாட்டார். "நடந்து ஏறுங்க, உடம்புக்கு நல்லது" என்பார். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிக் கிடக்கிறது என்று தனக்கே டாக்டர் சொன்னபோது, அந்தக் காகிதத்தை நான்காக மடித்துக் கருவிப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு வீட்டில் மூச்சு விடவில்லை.

"மாடிப்படியே நிதானமா ஏறுங்க. ஓட்டம், மலையேற்றம் ரெண்டும் கூடவே கூடாது. ஆபரேஷனுக்கு ஒரு நாள் பார்த்துச் சொல்லுங்க" என்றார் டாக்டர். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே இவர் எழுந்து கிளம்பிவிடுவார். இவருடைய அண்ணன் தன் காலால் நடந்துதான் அந்த அறைக்குள் போனார். வெளியே நடந்து வரவில்லை.

இன்னொரு பயமும் இருந்தது. மனைவிக்குப் பேக்கரியில் விடிகாலை வேலை; மூன்றரை மணிக்கே கிளம்பிவிடுவாள். இவர் எழும்போது அவள் இருக்க மாட்டாள். இரவு இவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்போது அவள் தூங்கியிருப்பாள். புருஷன் பெண்டாட்டியாக ஆற அமர முகம் பார்த்துப் பேசுவது வருடத்துக்குப் பதினோரு நாள் லீவில்தான். அந்தப் பதினோரு நாளும் எங்காவது போய் ஓடுவார்கள், மலை ஏறுவார்கள். எங்கே போவது என்பதை ஒரு வருடம் அவர் முடிவு செய்வார், மறு வருடம் அவள். அதுவும் போய்விட்டால் இருவருக்கும் நடுவில் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

கையில் கட்டும் ஓட்டக் கடிகாரம்தான் முதலில் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. ஒருவர் ஓடினால் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று அடுத்தவர் போனில் வந்து விழும்படி வைத்திருந்தார்கள். டாக்டரைப் பார்த்த மறுநாள் அவர் ஓடவில்லை. ஆறு மணிக்கே பேக்கரியிலிருந்து போன். "என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"அலாரம் அடிக்கல" என்று சமாளித்தார். தினமும் அலாரம் மேல் பழி போட முடியுமா?

மனைவியின் தம்பி பஸ் கண்டக்டர். நாற்பதை நெருங்குகிறவன், தினமும் ஐந்து மணிக்கு ஓடுகிறவன். அவனிடம் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "முழங்கால் வலிக்குதுப்பா. உங்கக்காவுக்குத் தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்கிடுவா. கொஞ்ச நாளைக்கு இதைக் கட்டிட்டு ஓடு."

"இவ்வளவுதானே மாமா" என்று வாங்கிக்கொண்டான். அக்காவை ஏமாற்றுவதில் தம்பிகளுக்கு இருக்கும் உற்சாகமே தனி.

உற்சாகம் அளவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மாமா, பத்து கிலோமீட்டர்ல நேத்து ரெண்டு நிமிஷம் குறைச்சுட்டேன்!"

"அடப்பாவி, எனக்கு நாற்பத்தெட்டு வயசுடா. மெதுவா ஓடு."

"மெதுவாத்தான் கிளம்புறேன் மாமா. கால் கேக்க மாட்டேங்குது."

இந்த வருடம் இடம் தேர்வு செய்வது அவள் முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று வரைபடங்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். ஒன்று ஏரியைச் சுற்றிவரும் சமதளப் பாதை. ஒன்று கடலோரம். மூன்றாவது, மூன்று நாள் ஏறி மலை முகட்டை அடைந்து, நான்காம் நாள் அங்கேயே இருபத்தோரு கிலோமீட்டர் ஓடுவது.

"ஏரி அழகா இருக்கே. காத்தும் நல்லா வரும்" என்றார், குரலில் அவசரம் தெரியாதபடி.

"ஏரியா? உங்க டைம் இருக்கிற இருப்புக்கு அங்கே போனா ஏரி சிரிக்கும்." முகட்டின் மேல் விரலை வைத்தாள். "பேக்கரியில எல்லார்கிட்டயும் காட்டினேன். இந்த வயசுல இப்படி ஓடுறாரான்னு வாயைப் பிளந்துட்டாங்க. இங்கதான் போறோம்."

அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மற்ற இரண்டு வரைபடங்களையும் மடித்து வைத்தார். புலிவாலைப் பிடித்தாகிவிட்டது. அந்த வாரமே போய் மலைக்கென்று புது ஷூ வாங்கினார். மெதுவாக ஏறினால் ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். இழை அறுந்த கம்பிவடத்தைப் பார்த்து வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவர் சண்டைக்குப் போயிருப்பார்.

பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வேலை சீக்கிரம் முடிந்து மத்தியானமே வீட்டுக்கு வந்தார். குளியலறைக் கதவு திறந்திருந்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்து, ஐஸ் போட்ட வாளிக்குள் ஒரு காலை வைத்திருந்தாள். வெளியே நீட்டியிருந்த மறு காலில் இரண்டு விரல் நகங்கள் கன்றிக் கறுத்திருந்தன. கணுக்கால் வீங்கியிருந்தது. இவரைக் கண்டதும் அவசரமாகத் துண்டை இழுத்து மூடினாள்.

"என்ன இது?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா."

"சும்மாவா நகம் கறுக்கும்? எங்கே விழுந்தே?"

அவள் வாளியைப் பார்த்தபடியே பேசினாள். "வேலை முடிஞ்சு, உங்களுக்குத் தெரியாம கடிகாரத்தைக் கழற்றி வச்சுட்டு, தினமும் பன்னெண்டு கிலோமீட்டர் ஓடுறேன். ஒரு மாசமா. நீங்க பாட்டுக்கு நாளுக்கு நாள் நிமிஷத்தைக் குறைச்சுக்கிட்டே போறீங்க. மலையில நான் பின்னாடி தங்கிட்டா உங்களுக்கு அலுப்பாயிடும். அப்புறம் அடுத்த வருஷம் நீங்க மட்டும் தனியாப் போறேன்னு சொல்லிட்டா?"

அவர் அப்படியே குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தார். "நான் ஓடல" என்றார். "ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு. ஒரு நாள்கூட ஓடல." வால்வு, டாக்டர், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"அப்ப இத்தனை நாளா நான் யார்கூடப் போட்டி போட்டேன்?"

"உன் தம்பிகூட."

அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாக மாறிவிட்டது. "நீங்க மலையில என்னை விட்டுட்டு முன்னாடி போயிடுவீங்களோன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தேன். நீங்க ஒரேயடியா விட்டுட்டுப் போகப் பார்த்திருக்கீங்க. அந்த முகட்டுல நீங்க விழுந்திருந்தா, இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் உங்களை எப்படிக் கீழே கொண்டு வந்திருப்பேன்? ஷூ வேற வாங்கினீங்களே!"

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் அந்தப் பழைய ஆபரேஷன் பயமும் அப்படியே இருந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டர் நம்பரைக் கேட்டாள். வாளியிலிருந்து காலைக்கூட எடுக்காமல் போன் போட்டாள். மாவு மூட்டைக்கு ஆர்டர் கொடுப்பவள்போல நிதானமாகப் பேசினாள். வயது சொன்னாள், வேலை சொன்னாள், நாளைக்கே வருகிறோம் என்றாள். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு இவர் பக்கம் திரும்பினாள்.

"வால்வு விஷயம் தெரிஞ்சு எத்தனை நாளாச்சுன்னு கேக்குறாங்க."

"எழுபது நாள்."

அவள் போனைக் காதில் வைத்தாள். அந்தப் பதிலை அவளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை.