விதைக்குழிக்குள் நீண்ட கை

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இது எனக்கே நடந்தது, அதுவும் பட்டப்பகலில். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் ஹிடாட்சா சனங்கள் பழைய ஊரைக் காலி செய்து, அரசாங்கம் அளந்து கொடுத்த நிலங்களுக்குப் பிரிந்துபோன மறு வசந்தம் அது. விதைச் சோளம் மட்டும் பழைய வீட்டு நிலக்குழியிலேயே தங்கிவிட்டது. அது கிடைக்காவிட்டால் அந்த வருடம் எங்களுக்கு விதைப்பே இல்லை. கருங்குருவிச் சித்தியும் நானும் வட்டமான தோல் படகில் மிசௌரி ஆற்றைக் கடந்து போனோம்.

மண்வீடுகளைத் தாங்கிய மரத்தூண்களையெல்லாம் விறகுக்குப் பிடுங்கியிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி மண்மேடு. சித்தி குத்துமதிப்பாக ஓரிடத்தில் குழிவாயை மூடியிருந்த சாம்பலைக் கிளறி, குழியைத் திறந்து ஏணியை இறக்கினாள்.

"நீதான் ஒல்லி, இறங்கு. உள்ளயே முளைச்சுடாத."

தூரத்தில் அரசு அலுவலக மணி மூன்று அடித்தது. உள்ளே ஒரே இருட்டு. கதிர்களைப் பின்னிய சரங்கள் ஏழு இருந்தன. பாதி ஏணி ஏறி முதல் சரத்தை நீட்டினேன். மேலிருந்து ஒரு கை வாங்கிக்கொண்டது.

இரண்டு. மூன்று. சித்தி பேசவே இல்லை. சாப்பிடும்போதுகூட வாய் ஓயாதவள்...

"சித்தி, கோவமா?"

"குடு."

நான்கு. ஐந்து. ஆறாவதை வாங்கும்போது விரல்கள் என்மேல் பட்டன. சதையே இல்லை. சில்லென்றிருந்தது.

அப்போது தூரத்தில், ஆற்றங்கரையிலிருந்து, சித்தியின் குரல்...

"ஏய், காத்துல படகு உருண்டுபோச்சு. பிடிச்சிட்டு வரேன், அங்கயே இரு."

என் தலைக்கு மேலே கை நீண்டபடியே இருந்தது.

"குடு."

கீழே விழுந்தேன்.

ஏழாவது சரத்தைக் கட்டிக்கொண்டேன்.

சர்... சர்... மேலே சாம்பலில் ஏதோ தேய்ந்தது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

மணி நான்கு அடித்தபோது சித்தி வந்து தூக்கிவிட்டாள். மேலே ஒரு சரமும் இல்லை.

"நீ இறங்கினதுமே நான் படகுக்கு ஓடிட்டேன்டி. எதையும் வாங்கல," என்றாள்.

வீட்டில் அம்மா அந்தச் சரத்தின் முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்மளது இல்ல. பக்கத்து வீட்டுக்காரி ஒற்றைக் கொக்கு போட்ட முடிச்சு."

மறுநாள் அம்மாவே போய் அதை எடுத்த குழியிலேயே வைத்துவிட்டு, பக்கத்துக் குழியிலிருந்து எங்கள் விதையை எடுத்து வந்தாள். அந்த ஆறு சரங்களும் ஒற்றைக் கொக்கின் குழிக்குள்தான் இருந்தனவாம்.

ஒற்றைக் கொக்கு செத்த விதத்தை அறுவடைக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள். ஊரைவிட்டு வரமாட்டேன் என்று தனியாகத் தங்கியவள். போன பனிக்காலத்தில் பசியால் செத்திருக்கிறாள். காலடியிலேயே ஏழு சரம் சோளம். விதையாயிற்றே என்று அதில் ஒரு மணியைக்கூடத் தின்னவில்லை.